மரி அன்டோனெட்டை பிரான்ஸ் ஏன் அவ்வளவு வெறுத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சி என்று பேச்செடுத்தால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கேக். சாப்பிட ரொட்டி இல்லை என்று மக்கள் அழுதார்களாம், கேக் சாப்பிடட்டுமே என்றாளாம் ராணி, அதற்காகத் தலையை வெட்டினார்களாம். கதை அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கு வேலையே இருந்திருக்காது. அந்த வெறுப்பு ஒரு வாக்கியத்தில் பிறந்ததல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே அதன் வேர் ஓடியிருந்தது.

அந்தக் கேக் வசனத்தை உண்மையிலேயே சொன்னாரா?

சொன்னதற்குத் துரும்பளவு ஆதாரமும் இல்லை. பிரெஞ்சு மொழியில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ தன் வாழ்க்கைக் கதையில், குடியானவர்களுக்கு ரொட்டி இல்லை என்று கேட்டதும் "பிரியோஷ் சாப்பிடட்டும்" என்று சொன்ன "ஒரு பெரிய இளவரசி"யைப் பற்றிப் போகிற போக்கில் எழுதுகிறார். பெயர் சொல்லவில்லை. அவர் அதை எழுதியது 1760களில். அப்போது மரி அன்டோனெட் வியன்னாவில் விளையாடித் திரிந்த சிறுமி, பிரான்ஸ் மண்ணை மிதித்ததே இல்லை. பிரியோஷ் என்பதும் நாம் நினைக்கிற கேக் கிடையாது. வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்த்துச் சுடுகிற ரொட்டி. நம் பேக்கரி பன்னுக்குப் பணக்கார அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது எதிரிகள் அவர்மேல் எழுதாத பழி இல்லை. விபசாரி என்றார்கள், விஷம் வைப்பவள் என்றார்கள், பெற்ற மகனையே கெடுத்தவள் என்றார்கள். அந்தக் குவியலில் இந்த ரொட்டி வசனத்தை மட்டும் யாரும் போடவில்லை. அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, அவர் யார்? எப்படி பிரான்ஸுக்கு வந்தார்?

ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா பெற்ற 16 பிள்ளைகளில் 15ஆவது. பிறந்தது 1755 நவம்பர் 2. பதினான்கு வயதில், 1770 மே மாதம், பிரான்ஸின் பட்டத்து இளவரசன் லூயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது பதினைந்து. எல்லையில், ரைன் ஆற்றின் நடுவே ஒரு தீவில், பெண்ணை ஒப்படைக்கும் சடங்கு நடந்தது. பிறந்த நாட்டுப் பரிவாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிரெஞ்சு ஆட்களோடு மட்டும் அந்தப் பக்கம் கரையேற வேண்டும். பிறந்த வீட்டை ஆற்றோடு விட்டுவிட்டு வா என்பதுதான் சடங்கின் பொருள். பின்னால் நடந்த அத்தனையும் அவர் அப்படி விட்டாரா இல்லையா என்கிற சந்தேகத்தைச் சுற்றித்தான்.

நான்கு ஆண்டுகளில் பதினைந்தாம் லூயி பெரியம்மையில் செத்துப்போக, பத்தொன்பது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் பிரான்ஸின் ராணி.

ஆஸ்திரியாக்காரி என்பது அவ்வளவு பெரிய குற்றமா?

அன்றைய பிரெஞ்சுக்காரருக்கு ஆம். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பமும் பிரெஞ்சு மன்னர்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜென்மப் பகைவர்கள். 1756இல் திடீரென்று இரண்டு அரசும் கைகோத்தன. மூத்த தலைமுறைக்கு அது ஜீரணமே ஆகவில்லை. கூட்டணி போட்ட கையோடு ஏழாண்டுப் போர். 1763இல் அது முடிந்தபோது பிரான்ஸ் கனடாவை இழந்திருந்தது, இந்தியாவில் சாம்ராஜ்யக் கனவும் போயிருந்தது.

இந்தப் போரின் சூடு நம் கரையிலும் பட்டது. மாதக்கணக்கில் முற்றுகையிட்ட ஆங்கிலேயர் 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தோற்ற தளபதி லாலியை பிரான்ஸ் 1766இல் பாரிஸில் தலை வெட்டிக் கொன்றது. தோல்விக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் மக்கள் மனதில் உண்மையான குற்றவாளி அந்தக் கூட்டணி. ஆஸ்திரியாவுக்காக நாம் சண்டை போட்டு நம் சொத்தை இழந்தோம் என்பது காபிக்கடைப் பேச்சானது. இழப்பின் காயம் ஆறுவதற்குள், அதே கூட்டணியின் அடையாளமாக ஒரு மணப்பெண் வந்து இறங்குகிறாள். அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் அப்புறம்.

அரண்மனைக்குள்ளேயே ஒரு பட்டப்பெயர் உலவியது. ஆஸ்திரியப் பெண் என்பதற்கு பிரெஞ்சில் 'ஒத்ரிஷியென்'. அந்தச் சொல்லின் வாலில் 'ஷியென்' இருக்கிறது, பெட்டை நாய் என்று பொருள். கேலிக்குக் கார்ட்டூனே தேவையில்லை, மொழியே செய்துகொடுத்துவிட்டது. இந்தப் பெயரைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படுவது தெருவில் போகிற யாரோ அல்ல, கணவரின் அத்தை அதெலாயித்.

வந்த நாளிலிருந்தே வெறுத்தார்களா?

இல்லை, அதுதான் வேடிக்கை. 1773 ஜூனில் அவர் முதன்முறையாக முறைப்படி பாரிஸுக்குள் போனபோது கூட்டம் தாங்கவில்லை. மாடத்தில் நின்று அதைப் பார்த்து மலைத்தவரிடம், நகர ஆளுநர் பிரிசாக், "உங்கள்மேல் காதல்கொண்ட இரண்டு லட்சம் பேர் நிற்கிறார்கள்" என்றாராம். அழகு, இளமை, சிரித்த முகம். கிழ ராஜாவையும் அவர் ஆசைநாயகியையும் பார்த்துச் சலித்த ஊருக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணக் கொண்டாட்டத்திலேயே ஒரு கெட்ட சகுனம் நடந்தது உண்மை. 1770 மே 30 அன்று பாரிஸில் வாணவேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 132 பேர் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. இளம் தம்பதி தங்கள் கைச்செலவுப் பணத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அந்தச் சதுக்கத்தின் அன்றைய பெயர் பதினைந்தாம் லூயி சதுக்கம். பின்னாளில் புரட்சிச் சதுக்கம் என்று பெயர் மாற்றி, தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினை நிறுத்திய இடமும் அதே இடம்தான்.

அப்படியானால் எங்கே கெட்டது?

முதலில் படுக்கையறையில். கல்யாணமாகி ஏழு ஆண்டுகள் தாம்பத்தியமே முழுமையாக நடக்கவில்லை. யார் குறை, என்ன குறை என்பது பற்றி இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விவகாரத்தைத் தீர்த்துவைக்க 1777இல் அண்ணன் இரண்டாம் ஜோசப்பே நேரில் வந்து மச்சானிடம் பேச வேண்டியிருந்தது. முதல் பெண் குழந்தை பிறந்தது 1778 டிசம்பரில், ஆண் வாரிசு 1781இல்.

குழந்தை இல்லாத மருமகளை ஊர் என்ன பேசும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அந்த ஊர் ஒரு நாடு. ராஜா ஆண்மையற்றவர், அப்படியானால் ராணி சும்மா இருப்பாளா? இதுதான் முதல் துண்டுப் பிரசுரங்களின் ஒரே சரக்கு. குழந்தை பிறந்த பிறகு வாய் மூடியதா என்றால், யாருடைய குழந்தை என்று அடுத்த கேள்வி வந்தது. கணவரின் தம்பி அர்துவா பெயரை இழுத்தார்கள். தோழி பொலிஞாக்கோடு சேர்த்தும் எழுதினார்கள்.

இதையெல்லாம் எழுதியது யார்? பசித்த ஏழைகளா?

இல்லவே இல்லை. தொடங்கியது வெர்சாய் அரண்மனைக்குள். மக்கள் புரட்சி என்று படிக்கும்போது இது நமக்கு நழுவிப்போகிறது.

கணவரின் இன்னொரு தம்பி ப்ரோவான்ஸ் கோமகன், அண்ணனுக்குப் பிள்ளை இல்லாதவரை அடுத்த ராஜா. பிள்ளை பிறந்தால் அவர் வரிசையில் பின்னால் போகிறார். அத்தைமாருக்கு ஆஸ்திரியா என்றாலே ஆகாது. ராஜாவின் உறவினர் ஓர்லியான் கோமகனுக்கும் ராணிக்கும் ஒட்டுதல் இல்லை. அவருடைய பாரிஸ் மாளிகையான பலே ரோயாலின் வளாகத்துக்குள் போலீஸ் எளிதில் நுழைய முடியாது, அதனால் வம்புப் பிரசுரங்களுக்கு அது நல்ல சந்தை.

ராணி தானே தேடிக்கொண்ட பகையும் உண்டு. வெர்சாயில் ராணிக்கு உள்சட்டை எடுத்துக் கொடுப்பதுகூட ஒரு உயர்குடிப் பெண்ணின் உரிமை, கௌரவம். அந்த வட்டத்தின் பிழைப்பே ராஜா ராணி பக்கத்தில் நிற்பதுதான். மரி அன்டோனெட் என்ன செய்தார்? கணவர் கொடுத்த பெத்தி திரியானோன் என்கிற சின்ன மாளிகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்குப் பிடித்த நாலு பேர் மட்டும் உள்ளே. அங்கே விதிகள் 'ராஜாவின் ஆணைப்படி' என்றில்லாமல் 'ராணியின் ஆணைப்படி' என்று ஒட்டப்பட்டிருந்தன. வெளியே நிறுத்தப்பட்ட பழைய பெரிய குடும்பங்கள் சும்மா இருக்குமா? உள்ளே என்னதான் நடக்கிறது என்று அவர்களே கற்பனை செய்து ஊருக்குச் சொன்னார்கள்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, லண்டனில் இருந்த பிரெஞ்சு வம்பு எழுத்தாளர்கள் இதை அச்சிட்டார்கள். பிரெஞ்சு அரசு ஆளனுப்பிப் பணம் கொடுத்து மொத்தப் பிரதிகளையும் வாங்கியது. எழுதினால் அரசாங்கமே வாங்கிக்கொள்கிறது என்றால் யார்தான் எழுத மாட்டார்கள்? பறிமுதல் செய்தவற்றை பஸ்தி சிறையில் பூட்டி வைத்தார்கள். 1789 ஜூலை 14 அன்று அந்தச் சிறை விழுந்தபோது அந்தக் கட்டுகளும் வெளியே வந்தன.

முந்தைய ராணிகளையும் இப்படித்தான் ஏசினார்களா?

இந்தக் கேள்விக்குள்தான் எனக்குப் பட்ட முக்கியமான காரணம் இருக்கிறது. பிரான்ஸில் வழக்கமாக ராணியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ராணியின் வேலை பிள்ளை பெறுவது, ஜெபம் செய்வது, தர்மம் கொடுப்பது. பதினைந்தாம் லூயியின் மனைவி அப்படித்தான் வாழ்ந்து முடித்தார். வரி ஏறினால், போரில் தோற்றால், பதவி தவறான ஆளுக்குப் போனால், மக்கள் திட்டுவது ராஜாவின் ஆசைநாயகியை. பொம்பதூரைத் திட்டினார்கள், பிறகு து பாரியைத் திட்டினார்கள். ராஜா நல்லவர், அந்தப் பெண்தான் கெடுக்கிறாள் என்று சொல்வதில் ஒரு வசதி இருந்தது. முடியாட்சிக்கு அது ஒரு இடிதாங்கி.

பதினாறாம் லூயி ஆசைநாயகி வைத்துக்கொள்ளவில்லை. மனைவியோடு மட்டும் வாழ்ந்த உத்தமர். அதுவே வினையானது. பல ஆண்டுகளாகத் திட்டிப் பழகிய வாய்க்கு நாற்காலி காலியாக இருந்தது. நகை, தலையலங்காரம், தோட்டம், தோழிகள், பதவிச் சிபாரிசு என்று ஆசைநாயகிக்கு உரிய அத்தனை அடையாளங்களோடும் ராணியே அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். து பாரியைப் பற்றி எழுதிய அதே வசவுகளைப் பெயர் மாற்றி இவருக்கு ஒட்டினார்கள். ஒரு வித்தியாசம்தான், ஆனால் பெரிய வித்தியாசம். ஆசைநாயகியைத் துரத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ராணியைத் துரத்த முடியாது. அவள் வயிற்றில் பிறந்தவன்தான் அடுத்த ராஜா. அவள் நடத்தையில் சேறு பட்டால் சிம்மாசனத்திலும் படும்.

து பாரியும் தப்பவில்லை. 1793 டிசம்பரில் அவரையும் அதே கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள்.

ஊதாரி என்பதும் கட்டுக்கதையா?

அது கட்டுக்கதை இல்லை. இங்கே அவருக்காக வக்கீல் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய உடைகளுக்கு ஆண்டு ஒதுக்கீடு 1,20,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). 1785இல் செலவு அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது. பாரிஸில் ஒரு கூலியாளின் நாள் சம்பளம் ஒன்று, ஒன்றரை லிவ்ர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூதாட்டத்தில் விடிய விடிய உட்கார்ந்தார். பொலிஞாக் குடும்பம் நாலே ஆண்டுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் லிவ்ர் வருமானம் சேர்த்துக்கொண்டதாக ஆஸ்திரியத் தூதர் மெர்சியே வியன்னாவுக்கு எழுதிப் புலம்பினார். கஜானா காலி என்று எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்த காலத்தில், ராணிக்காக சாங் குளூ அரண்மனையை 60 லட்சம் லிவ்ருக்கு வாங்கினார்கள். அதுவும் ராணியின் சொந்தப் பெயரில். சட்ட வல்லுநர்கள் கொதித்தே போனார்கள்.

அப்படியானால் நாட்டைத் திவாலாக்கியது அவர்தானே?

இல்லை. 1788 வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால், மொத்தச் செலவு 63 கோடி லிவ்ரை ஒட்டி. அதில் பாதி, வாங்கிய கடனுக்கே போனது. ராஜா, ராணி, தம்பிமார், அத்தைமார், குதிரை லாயம், வேட்டை நாய் எல்லாம் சேர்ந்த அரண்மனைச் செலவு நூற்றுக்கு ஆறு ஏழு. அந்தக் கடனில் பெரும்பகுதி போர்க்கடன். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு மட்டும் பிரான்ஸ் 100 கோடி லிவ்ருக்கு மேல் இறைத்தது. அமெரிக்கா விடுதலை பெற்றது, பிரான்ஸ் வட்டி கட்டியது. இன்னொரு பக்கம், சொத்து வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான நேரடி வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். வரிக்கும் உப்பு வரிக்கும் முதுகைக் கொடுத்தது குடியானவன்.

ஆனால் வட்டி விகிதத்தை எப்படி வெறுப்பது? அதற்கு முகம் இல்லை. மூன்றடி உயரத் தலையலங்காரத்துக்கு இருக்கிறது. 1787இல் பற்றாக்குறையின் அளவு வெளியே தெரியவந்ததும் 'மதாம் டெஃபிசிட்', பற்றாக்குறை அம்மா, என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு பாரிஸ் ஓவியக் கண்காட்சியில், பிள்ளைகளோடு ராணி இருக்கும் படம் தயாராகாததால் வெறும் சட்டம் மட்டும் தொங்கியது. "இதோ பற்றாக்குறை" என்று யாரோ அதில் எழுதி ஒட்டிவிட்டார்கள். பல கட்டுரைகள் சொல்லாததை அந்தத் துண்டுச் சீட்டு சொல்லிவிட்டது.

எளிமையாக உடுத்தினாலாவது விட்டார்களா?

விடவில்லை. 1783 கண்காட்சியில், வைரமும் பட்டும் இல்லாமல் வெள்ளை மஸ்லின் கவுனும் வைக்கோல் தொப்பியுமாக இருக்கும் அவர் படத்தை ஓவியர் விஜே லெ ப்ரன் வைத்தார். ராணி உள்பாவாடையோடு நிற்கிறாள் என்று கூச்சல் கிளம்ப, படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைக்க வேண்டியதாயிற்று. லியோன் பட்டு நெசவாளர்களின் வயிற்றில் அடிக்கிறாள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மஸ்லின் வெளிநாட்டுச் சரக்கு, அதிலும் நயமான துணி இந்தியாவிலிருந்து போனது. ஆடம்பரமாக உடுத்தினால் ஊதாரி, எளிமையாக உடுத்தினால் தேசத்துரோகி.

வைர நெக்லஸ் விவகாரம் என்பது என்ன?

சினிமாக் கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது. போமெர், பஸாஞ்ச் என்று இரண்டு நகைக்காரர்கள் 647 வைரங்கள் வைத்து ஒரு நெக்லஸ் செய்தார்கள். விலை 16 லட்சம் லிவ்ர். து பாரிக்காகப் பதினைந்தாம் லூயி வாங்குவார் என்ற நம்பிக்கையில் செய்தது. ராஜா செத்துப்போனார். மரி அன்டோனெட்டிடம் கொண்டுபோனார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். நகைக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள்.

இங்கே ழான் த லா மோத் நுழைகிறார். பழைய வாலுவா அரச வம்சத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட, கையில் காசில்லாத சாமர்த்தியக்காரி. அவர் வலையில் விழுந்தவர் கர்தினால் ரோஅன். முன்பு வியன்னாவில் தூதராக இருந்து மரியா தெரேசாவின் வெறுப்பைச் சம்பாதித்தவர், மகளும் அவரோடு பேசுவதில்லை. எப்படியாவது ராணியின் தயவைப் பெற்று மந்திரியாக வேண்டும் என்பது அவர் ஏக்கம். ராணி எனக்கு நெருக்கம் என்று ழான் சொல்ல, நம்பினார். ராணி எழுதியதாகப் போலிக் கடிதங்கள் வந்தன. 1784 ஆகஸ்டில் ஒரு இரவு, வெர்சாய் தோட்டத்தில் ராணியே அவருக்குத் தரிசனம் கொடுத்தார். கொடுத்தது உண்மையில் நிக்கோல் என்கிற பாரிஸ் பெண், தொழில் விலைமகள் என்பார்கள். வெள்ளை மஸ்லின் கவுன், இருட்டு, கையில் ஒரு ரோஜா. கர்தினால் உருகிப்போனார்.

பிறகென்ன, ராணிக்காக ரகசியமாக வாங்குகிறேன் என்று கர்தினால் நெக்லஸை வாங்கிக் கொடுக்க, ழானின் கூட்டம் அதைப் பிய்த்து வைரம் வைரமாக விற்றுவிட்டது. ஒப்பந்தத்தில் 'பிரான்ஸின் மரி அன்டோனெட்' என்று கையெழுத்து. ராணிகள் பெயரை மட்டுமே எழுதுவார்கள், நாட்டுப் பெயர் சேர்க்க மாட்டார்கள். அரண்மனையில் வளர்ந்த கர்தினாலுக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று ராஜா கேட்ட கேள்வி நியாயமானது.

அதன் பிறகு அரசு செய்தது அசட்டுத்தனம். 1785 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள், பூசை உடையில் இருந்த கர்தினாலை அரண்மனையே பார்க்கக் கைதுசெய்தார்கள். வழக்கை ரகசியமாக முடிக்காமல் பாரிஸ் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் ஏற்கெனவே ஆகாது. மாதக்கணக்கில் வக்கீல் வாதங்கள் அச்சாகிச் சுடச்சுட விற்றன. 1786 மே 31 அன்று ரோஅன் விடுதலை, தெருவெல்லாம் ஆரவாரம். ழானுக்குக் கசையடியும் திருடி என்பதைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தில் சூடும் ஆயுள் சிறையும். அடுத்த ஆண்டே சிறையிலிருந்து தப்பி லண்டன் போய், ராணிதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நினைவுக் குறிப்பு எழுதினார்.

ராணிக்கு இந்த மோசடியில் பங்கே இல்லை. நெக்லஸை அவர் தொட்டதும் இல்லை. ஆனால் அந்த விடுதலைத் தீர்ப்புக்கு என்ன பொருள் என்று பாருங்கள். நள்ளிரவில் தோட்டத்தில் ஒரு ஆணைச் சந்தித்து, கணவருக்குத் தெரியாமல் வைரம் கேட்கக்கூடியவள்தான் இந்த ராணி என்று ஒருவர் நம்பியது தப்பில்லை என்று நீதிமன்றமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தீர்ப்பைக் கேட்டு அவர் அழுதது பணத்துக்காக இல்லை.

திப்பு சுல்தானின் தூதர்கள் அவர் காலத்தில்தானே போனார்கள்?

ஆமாம். 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, மறு ஆண்டு ஜூனில் துலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் பெரிய தர்பார். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டார்கள். உபசாரம் கிடைத்தது, பீங்கான் பாத்திரங்கள் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. அடுத்த ஆறாம் நாள் பிரெஞ்சு அரசு கடன் பட்டுவாடாவின் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. தூதர்களுக்கு முன்னால் அவ்வளவு ஜொலித்த சபை, பையில் காசில்லாமல் நின்ற சபை.

வம்பு எப்படிக் கொலைவெறியானது?

ரொட்டியால். 1788 ஜூலையில் பெரும் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது, தொடர்ந்து ஆறுகள் உறையும் குளிர்காலம். பாரிஸில் வழக்கமாக எட்டு ஒன்பது சூ விற்ற நான்கு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ. இருபது சூ ஒரு லிவ்ர். மேலே சொன்ன கூலியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஜூன் மாதம் ராணியின் மூத்த மகன் ஏழு வயதில் இறந்தான். நாடு அரசியல் பரபரப்பில் இருந்தது, துக்கம் கேட்க ஆளில்லை.

அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். சில நாள் முன்பு அரண்மனையில் நடந்த படை விருந்தில், புரட்சியின் மூவர்ணச் சின்னத்தை மிதித்தார்கள் என்ற செய்தி அவர்களைக் கிளப்பியிருந்தது. விடிகாலையில் கூட்டம் உள்ளே புகுந்து காவலர்களைக் கொன்றது, ராணி பின்வழியாக ராஜாவின் அறைக்கு ஓடித் தப்பினார். பிறகு அவர் மாடத்துக்கு வர வேண்டும் என்று கத்தினார்கள். பிள்ளைகளோடு வந்தார். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். தனியாகத் தலைகுனிந்து நின்றார். பாரிஸ் தேசியக் காவல்படைத் தளபதி லஃபாயெத் அவர் கையை முத்தமிட, சற்று முன் அவர் குடலைக் கேட்ட அதே கூட்டத்திலிருந்து "ராணி வாழ்க" என்றும் சத்தம் வந்தது. அன்றே குடும்பத்தைப் பாரிஸுக்கு இழுத்துப்போனார்கள்.

ஆஸ்திரியாவுக்கு உளவு சொன்னார் என்பது பொய்தானே?

பொய் இல்லை. இங்கேதான் கதை திரும்புகிறது. புரட்சிக்கு முன்னால் அவர்மேல் சொன்ன ஆஸ்திரியப் பழி பெரும்பாலும் ஊதியது. 1778இல் பவேரிய வாரிசுரிமைச் சண்டையில் பிரான்ஸ் தன் அண்ணனுக்கு உதவ வேண்டும் என்று கெஞ்சினார், கணவரும் மந்திரி வெர்ஜனும் மசியவில்லை. அவ்வளவுதான் அவர் செல்வாக்கு.

1791 ஜூனில் குடும்பத்தோடு எல்லைப் பக்கம் தப்பியோடி வரேன் என்ற ஊரில் பிடிபட்ட பிறகு நிலை வேறு. 1792 மார்ச் கடைசியில், போர் அறிவிப்புக்கு முந்தைய மாதம், பிரெஞ்சுப் படை எந்த வழியாகத் தாக்கப்போகிறது என்று மந்திரிசபையில் பேசியதை, மேலே சொன்ன ஆஸ்திரியத் தூதர் மெர்சிக்கு எழுதி அனுப்பினார். எந்த நாட்டுச் சட்டத்திலும் அதற்குப் பெயர் துரோகம். தன் குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்பது அவர் பக்கம். எல்லையில் செத்த சிப்பாயின் தாய்க்கு அது போதுமான பதிலா என்று நீங்களே சொல்லுங்கள்.

விநோதம் என்னவென்றால், அவருக்கு மரண தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கையில் அந்தக் கடிதம் இல்லை. அது வியன்னா ஆவணக்காப்பகத்திலிருந்து வெளியே வந்தது 19ஆம் நூற்றாண்டில். செய்த குற்றத்துக்குச் சாட்சி கிடைக்காமல், செய்யாத குற்றங்களை அடுக்கித் தண்டித்தார்கள்.

விசாரணையில் என்ன நடந்தது?

1793 அக்டோபர் 14 காலை தொடங்கி 16 விடிகாலை முடிந்தது. அண்ணனுக்குக் கோடிக்கணக்கில் பணம் அனுப்பினார், படை விருந்தில் சதி செய்தார் என்று இருபது வருட வம்புகள் குற்றப் பத்திரிகையாகின. பத்திரிகையாளர் எபேர் எழுந்து, எட்டு வயது மகனோடு தகாத உறவு வைத்திருந்தார் என்றார். பையனைத் தாயிடமிருந்து பிரித்து, மிரட்டி வாங்கிய வாக்குமூலம் அது. ராணி முதலில் பதில் சொல்லவில்லை. மீண்டும் கேட்டபோது, ஒரு தாயிடம் சுமத்தும் இப்படிப்பட்ட பழிக்குப் பதில் சொல்ல இயற்கையே மறுக்கிறது, இங்கிருக்கும் எல்லாத் தாய்மார்களிடமும் முறையிடுகிறேன் என்றார். அவரைத் திட்டவே வந்து உட்கார்ந்திருந்த பெண்களே அசைந்துபோனதாகச் சொல்வார்கள்.

அன்று மதியம் தலை விழுந்தது. வயது 37.

ஆணாக இருந்திருந்தால் இவ்வளவு வெறுப்பு வந்திருக்குமா?

அவர் கணவரையும் கொன்றார்கள், அதே 1793இல், ஜனவரி 21 அன்று. ஆனால் லூயியை விசாரித்தபோது படுக்கையறையை யாரும் விசாரிக்கவில்லை. பிரான்ஸில் பெண் அரசாள முடியாது என்பது பழைய சட்டம். அரசியலில் பெண் கை பட்டாலே கெடும் என்ற எண்ணத்தைப் புரட்சியும் மாற்றவில்லை. ராணி இறந்த அதே மாதம் 30ஆம் தேதி பெண்கள் சங்கங்களைத் தடைசெய்தார்கள். நவம்பர் 3 அன்று ஒலாம்ப் த கூஜைக் கொன்றார்கள். பெண்களின் உரிமைப் பிரகடனத்தை 1791இல் எழுதி, அதை மரி அன்டோனெட்டுக்குச் சமர்ப்பித்தவர் அவர்.

பிள்ளைகள்?

மகன் 1795 ஜூனில் சிறையிலேயே, பத்து வயதில், நோயில் இறந்தான். மகள் மரி தெரேஸை அந்த டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் ஆஸ்திரியாவிடம் ஒப்படைத்தார்கள். அவர் 1851 வரை இருந்தார்.

கடைசியாக: கள்ளக் காதலன் என்று ஒருவராவது உண்மையில் இருந்தாரா?

துண்டுப் பிரசுரங்களில் அதிகம் அடிபட்ட அர்துவா, பொலிஞாக் எல்லாம் சும்மா. நிஜமாகவே மனதுக்கு நெருங்கியவர் ஸ்வீடன்காரர் ஆக்சல் ஃபெர்சன். 1791 தப்பியோட்டத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிரெஞ்சுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல வரிகள் மையால் அடித்து மறைக்கப்பட்டிருந்தன. 2021இல் ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் முறையில் இரண்டு மைகளின் செம்பு, இரும்பு அளவைப் பிரித்துப் பார்த்து, சோதித்த 15 கடிதங்களில் 8இல் அடியில் இருந்ததைப் படித்துவிட்டார்கள். 'அன்புக்குரிய', 'ஆராதிக்கிறேன்' போன்ற சொற்கள் தெரிந்தன. உடல் உறவு இருந்ததா என்பதற்கு அவை சாட்சி சொல்லவில்லை. மறைத்த மை யாருடையது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது: அது ஃபெர்சனின் சொந்த மை.